சஹனில் நாலாவது ஆள்

சலாலா,
14.6.2003

அன்புள்ள நஸீரா லாத்தாவுக்கு,

தங்கை ரம்ஸியா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் அருளால் நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? மச்சானுக்குச் சர்க்கரை மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறாயா? அவர் கேட்கமாட்டார். நீதான் கையில் வைக்க வேண்டும்.

நாங்கள் கிளம்பிய அன்று மச்சானே வேன் வரைக்கும் வந்து இவர் தோளில் கைபோட்டு, "காத்து அடங்கட்டும் நிஜாமு. மூணே மாசம். சலாலா கடையப் பாத்துக்கிட்டு ரெஸ்ட் எடு, நானே கூப்புடுறேன்" என்று சொன்னார். நீ பால்கனியில் நின்றாய். கையசைப்பாய் என்று பார்த்தேன்.

வழி முழுக்க மணல். கடைசி மலை இறங்கியதும் ஒரேயடியாகத் தூறல். இது மழைக்கென்று ஒரு காலம் வைத்திருக்கிற ஊர். எங்கள் அறை கடைக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் கடல் இருக்கிறதாம். மூடுபனியில் தெரியவில்லை. ஃபோன் கீழே கடையில்தான். அங்கே ஆண்கள் நிற்பதால் நான் இறங்குவதில்லை. அதனால் கடிதம்தான்.

லாத்தா, நீ அன்று பெண்கள் பக்கம் இருந்ததால் அந்தக் கல்யாண விருந்தில் நடந்ததைப் பார்த்திருக்க மாட்டாய். ஒருவராவது அதை நேராகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பெரியதுறை நலச் சங்கத்துக்கு மச்சான் தலைவராகவும் இவர் செயலாளராகவும் ஒரே அணியில் நின்று தோற்றதற்குக் காரணம், துபாயில் இருக்கிற நம்மூர்க்காரர்கள் வாயில் இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு. சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் சேர்ந்தால்தானே சோறு வைப்பார்கள். எதிரணித் தலைவர் முகம்மது சித்தீக் காக்காவின் சஹனில் மூன்று பேர்தான் இருந்தார்கள். கை கழுவிவிட்டு வந்த இவரைப் பார்த்து, "நிஜாமு, ஒரு ஆள் கொறையுது, வாப்பா" என்றாராம். அந்த வார்த்தைக்கு நம்மூரில் யார் மாட்டேன் என்றிருக்கிறார்கள்? கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர்கள்கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பேசாமல் எழுந்து போவார்கள். இவர் உட்கார்ந்தார். பக்கத்துச் சஹனில் மச்சான். பார்த்துச் சிரித்து, "நல்லா சாப்புடு" என்றாராம்.

மறுநாள் ஓட்டு. லேபர் கேம்ப்பில் இருக்கிற நம்மூர் ஆட்களின் ஓட்டு மொத்தமாக அந்தப் பக்கம் விழுந்தது. தோற்ற பிறகு நடந்த கூட்டத்தில் மச்சான், "என் செயலாளரே எதிரி சஹன்ல உக்காந்தா கேம்ப்புல எவன் நமக்குப் போடுவான்?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் சலாலா பேச்சு எழுந்தது.

வேறொன்றுமில்லை. வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வராத நாடு என்பதால் மச்சான் கடையின் தபால்பெட்டிக்கே அனுப்புகிறேன். அவர் கொண்டுவந்து தருவார். உடனே பதில் போடு.

உன் துஆவை நாடும்,
ரம்ஸியா


துபாய்,
6.7.2003

அன்புள்ள தங்கை ரம்ஸியாவுக்கு, நஸீரா எழுதுவது.

நாங்கள் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம். முட்டுவலி அப்படியே இருக்கிறது. உம்மா ஊரிலிருந்து உங்களை விசாரித்து எழுதியிருக்கிறார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. உன் மச்சான் யார்மீதும் வருத்தம் வைத்திருக்கவில்லை. நிஜாம் தம்பியை எப்போதும்போல் நினைக்கிறார். மாலையில் ஆட்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், தேநீர் கேட்கிறார்கள். எனக்கு அடுப்படியில் வேலை சரியாக இருக்கிறது.

நீ இனி சங்கத்து விஷயம் எழுதாதே. நமக்கு எதற்கு? மழையைப் பற்றி எழுது. தோப்பைப் பற்றி எழுது. உனக்குத்தான் அது நன்றாக வருமே. படிப்பதற்கும் இதமாக இருக்கும்.

தம்பிக்கு எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
நஸீரா கௌஸ் முகைதீன்


சலாலா,
28.7.2003

அன்புள்ள லாத்தா,

ஸலாம். நாங்கள் நலம். உன் நலத்தை உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை, அதனால் மறுபடியும் கேட்கிறேன். எனக்கு எழுதும்போது முழுப் பெயரை எப்போதிலிருந்து போடத் தொடங்கினாய்?

சரி, மழை. இங்கே மழை பெய்வதில்லை, நிற்கிறது. துணி காய்வதில்லை. மலையெல்லாம் பச்சை. மஸ்கட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நனைகிறார்கள். ஒட்டகங்கள் நடுரோட்டில் நின்றுகொண்டு கார்களை யோசிக்க வைக்கின்றன. பொட்டலம் கட்ட வரும் பழைய பத்திரிகைகளைக் கடையிலிருந்து இவர் எடுத்துவந்து தருகிறார். தொடர்கதைகளின் நடுப்பகுதி மட்டும் கிடைக்கிறது. யார் எதற்காக அழுகிறார்கள் என்று தெரியாமலேயே அழுகையைப் படிக்கிறேன்.

எழுதாதே என்று நீ சொன்னதை என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. போன வாரம் இவருக்குக் காய்ச்சல். அப்போதுதான் சோலைமுத்து விஷயத்தைச் சொன்னார். கேம்ப்பில் மாரடைத்துச் செத்துப்போன நம்மூர் ஆள். உனக்கும் பேர் தெரிந்திருக்கும். தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு. மையித்தை ஊருக்கு அனுப்புவது மச்சானின் கார்கோ ஆபீஸ் வழியாகத்தானே எப்போதும் நடக்கும். பேப்பரெல்லாம் இரண்டே நாளில் தயாராகிவிட்டது. மச்சான்தான், "வெள்ளிக்கெழமைக் கூட்டத்துல மேடையில அறிவிச்சுட்டு அனுப்புவோம், பேர் வரும்" என்றாராம். ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் தள்ளிப்போனது. பத்து நாளுக்கு மேல் அந்த மனிதர் மார்ச்சுவரியில் கிடந்தார். இவர் தினமும் மச்சானிடம் போய்க் கெஞ்சியிருக்கிறார். மார்ச்சுவரி வாசலில் கேம்ப் ஆட்களோடு போய் நின்றிருக்கிறார். ஓட்டுப் போனது அங்கேதான், சஹனில் இல்லை.

"இத ஏன் கூட்டத்துல சொல்லல?" என்று கேட்டேன்.

"தோத்துப்போன மனுசன் முதுகுல நானே குத்துறதா? கூட நின்னவன் நான்" என்றார்.

இப்போது சோலைமுத்துவின் மனைவி கனகா, புருசன் உடம்பு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று கேட்டுச் சங்கத்துக்கு மனுப் போட்டிருக்கிறாளாம். டிசம்பரில் பொதுக்குழு. வந்து தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று சித்தீக் காக்கா இவருக்கு எழுதியிருக்கிறார். இவர் இன்னும் பதில் போடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

லாத்தா, மச்சானிடம் நீ பக்குவமாகப் பேசு. அவரே பொதுக்குழுவில் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் மரியாதை.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ரம்ஸியா


துபாய்,
21.8.2003

அன்புள்ள தங்கைக்கு,

நலம், உங்கள் நலத்துக்கும் துஆ. உன் கடிதம் கிடைத்தது. மழையைப் பற்றியும் ஒட்டகத்தைப் பற்றியும் எழுதியிருந்தாய். உன் மச்சானும் ரசித்தார்.

உங்கள் இருவரின் துபாய் விசா சம்பந்தமாக ஆபீஸில் வேலை இருக்கிறதாம். பாஸ்போர்ட் இரண்டையும் கொடுத்தனுப்பச் சொல்கிறார். சரக்கு வேன் வருகிறது, டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். இந்தக் கடிதமும் அவரிடமே வருகிறது.

சின்ன வயதில் கொலுசை, ரிப்பனை எல்லாம் உம்மா திருப்பிக் கேட்கும்போது நீ என்ன பதில் சொல்வாய் என்று நேற்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நன்றாக யோசித்துப் பார்.

தம்பியின் காய்ச்சலுக்குக் கசாயம் வைத்துக்கொடு. ஈரத்தில் அலைய வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
நஸீரா கௌஸ் முகைதீன்


சலாலா,
11.9.2003

அன்புள்ள லாத்தா,

ஸலாம். நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

ஞாபகம் இருக்கிறது. "காணோம்" என்பேன். கையிலேயே வைத்துக்கொண்டு காணோம் என்பேன். நீ எனக்காகச் சேர்ந்து தேடுவாய். ஆனால் உன் கடிதம் மாடிக்கு வருவதற்குள் இவர் கடைக்கு ஸ்பான்சரான அரபி கஃபீலிடமிருந்து பாஸ்போர்ட்டுகளை வாங்கி டிரைவர் கையில் கொடுத்துவிட்டார். "காக்கா கேட்டாக, குடுத்தேன். இதுக்கும் யோசிக்கணுமா?" என்கிறார். மச்சானைக் கூடப்பிறந்த அண்ணனைப்போல் காக்கா என்று கூப்பிடும்போது இவர் முகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை வந்து போகிறது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ எழுதியதில் ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்டது என்ன?

மழை முடிந்துவிட்டது. பச்சையெல்லாம் ஒரு வாரத்தில் பழுப்பாகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். கடைக்கு மக்தூம் காக்கா என்று ஒருவர் வந்திருக்கிறார். மச்சான் உதவிக்கு அனுப்பினாராம். ரியாத் பத்தா பஜாரில் கடை வைத்திருந்து, பிறகு மச்சானிடம் சேர்ந்த ஆள். மரியாதையானவர். என்னைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். ஆனால் கடைச்சாவி இப்போது அவரிடம். மாடிப்படியின் கீழ்ப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் காய்கறிக்குப் போனால், "எங்கம்மா போறீக, நான் வாங்கியாறேன்" என்கிறார். இதுவரை இரண்டு தடவை அப்படிச் சொன்னார். இரண்டு தடவையும் அவர்தான் வாங்கிவந்தார்.

விசா வேலை முடிந்ததா என்று கேட்டு எழுது.

ரம்ஸியா


சலாலா,
12.10.2003

அன்புள்ள லாத்தா,

நீ நலமா? ஒரு மாதமாக இதைத் தவிர வேறு கேள்வி எனக்கு இல்லை.

இரண்டு தடவை வேன் வந்தது. உன் கடிதம் இல்லை. டிரைவரிடம் கேட்டால், "வீட்டுப் பக்கம் போகலம்மா, ஆபீஸ்லயே லோடு ஏத்திட்டாக" என்கிறார்.

துபாய் விசாவில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது தானாகச் செத்துப்போகும் என்று உனக்கும் தெரியும். எங்களுக்கு டிசம்பர் முதல் வாரத்தில் ஆறு மாதம். மூன்று மாதம் என்று சொல்லி அனுப்பியவர் இன்னும் கூப்பிடவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. இவர் ஃபோன் செய்தார். "பதறாத நிஜாமு, நான் இருக்கேன்ல" என்றாராம். இவர் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்குத் தட்டில் கை போகவில்லை.

லாத்தா, பொதுக்குழுவும் டிசம்பரில்தான்.

ரம்ஸியா


துபாய்,
23.10.2003

ரம்ஸி,

இதைக் கொண்டுவரும் பத்ருன்னிசா மாமி தையல் வேலை செய்கிறவர்கள். அவர்கள் மகள் ஜுபைதா சலாலாவில் பள்ளிக்கூட டீச்சர். நோன்புக்கு மகள் வீட்டுக்கு வருகிறார்கள். நம்பலாம். இந்தக் கடிதத்துக்குத் தபாலில் பதில் எழுதாதே.

நீ எழுதிய எல்லாக் கடிதமும் என் கைக்கு வரும்போது உறையின் வாயில் பசை இரண்டாம் தடவை ஒட்டியிருக்கும். முதல் கடிதத்திலேயே பார்த்தேன். என் பதில்களை அவர் முன்னால் உட்கார்ந்துதான் எழுதினேன். வரவேற்பறை ஃபோனும் அவர் கண்ணெதிரில். மழையைப் பற்றி எழுது என்று சொன்னேன். நீ சோலைமுத்துவைப் பற்றி எழுதினாய். அந்தக் கடிதத்தை அவர் எனக்குக் கொடுக்கும்போது, "ஒன் தங்கச்சி நல்லா எழுதுறா" என்றார். பிறகு பாஸ்போர்ட் கேட்டார். அதற்குப் பிறகு வந்த உன் கடிதங்களை என்னிடம் கொடுத்தார், பதில் எழுதத் தாள் கொடுக்கவில்லை.

பாஸ்போர்ட் எந்த ஆபீஸுக்கும் போகவில்லை. என் அலமாரியில் இருக்கிறது. ஹஜ்ஜுக்கு வைத்திருக்கும் இஹ்ராம் துணிக்கு அடியில். "பத்தரமா வையி, டிசம்பர் தாண்டட்டும்" என்று சொல்லி அவரே வைத்தார். இரண்டு மாதமாக ஒவ்வொரு தடவை துணி எடுக்கும்போதும் அதைத் தொட்டுப் பார்க்கிறேன்.

மாலையில் ஆட்கள் பேசுவது என் காதில் விழுகிறது. தட்டோடு நான் நிற்கும்போதும் பேச்சை நிறுத்துவதில்லை. நான் நிற்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. பொதுக்குழுவில் சொல்லப்போவது இதுதான்: மையித்து அனுப்பும் பொறுப்பு நிஜாமுடையது, அவன்தான் அசட்டையாக இருந்தான், விஷயம் வெளியே வரும் என்று தெரிந்ததும் ஒமானுக்கு ஓடிவிட்டான், விசாவைக்கூடச் சாகவிட்டான். வர முடியாத ஆள் எப்படி மறுப்பான்?

இருபத்திரண்டு வருசமாக இவரோடு வாழ்கிறேன். கெட்டவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தோற்றது இதுதான் முதல் தடவை. தோற்றால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெருநாள் துணிப் பார்சல் ஒன்று ஜுபைதா வீட்டு முகவரிக்கு வரும். நீயே பிரி. அவர் என்னைக் கேட்டால் காணோம் என்பேன். கூடச் சேர்ந்து தேடுவேன். எனக்கும் அது தெரியும்.

லாத்தா


சலாலா,
15.11.2003

லாத்தா,

மாமி நாளை திரும்புகிறார்கள் என்பதால் அவசரமாக எழுதுகிறேன். பார்சல் வந்தது. துணிக்குள் பாஸ்போர்ட் இரண்டும் இருந்தன. நீல நிறத் துணி எனக்கு, வெள்ளை இவருக்கு என்று பிரித்து மடித்து வைத்திருந்தாய். அந்த வீட்டில் எந்த நேரத்தில் இதைச் செய்தாய்?

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். நோன்பு திறந்தார். பிறகு, "லாத்தா பயந்து எழுதிருக்காக. காக்கா கோவக்காரரு, சதிகாரரு இல்ல" என்றார்.

"பாஸ்போர்ட்டு அலமாரில இருந்துச்சு. அது கோவமா?"

"நேர்லதான் கேக்கணும். பெருநாளைக்கு நான் மட்டும் போறேன். மொதல்ல காக்கா வீடு. அவர்ட்டயே சொல்றேன், நீங்களே சபையில சொல்லிருங்கன்னு. அவரு மாட்டேன்னாத்தான் நான் எந்திரிப்பேன்."

"சித்தீக் காக்கா வீட்டுக்குப் போங்க. இல்ல, பொதுக்குழு வரைக்கும் யார் கண்ணுலயும் படாம இருங்க."

"எனக்கு விசா எடுத்துக் குடுத்தவரு. எனக்குப் பொண்ணு பேசி முடிச்சவரு. அவருக்குத் தெரியாம சபைக்குப் போயி நிக்கச் சொல்றியா?"

எதில் போவீர்கள் என்று கேட்டேன். கடை வேனில்தானாம். "ஒளிஞ்சு போக நான் என்ன திருடனா?" என்றார். மக்தூம் காக்காவிடமும் இன்று காலை சொல்லிவிட்டார். மக்தூம் காக்கா, "நல்லது தம்பி, பெருநாள் அங்க கொண்டாடுங்க" என்று சொல்லிவிட்டு ஃபோன் பக்கம் போனார்.

லாத்தா, இந்த மனிதரின் குணத்தைப் பார்த்துத்தான் நான் இவரை விரும்பத் தொடங்கினேன். இப்போது அதே குணத்தைப் பார்த்துப் பயப்படுகிறேன். நீ வாசலில் இருந்தால், இவர் உள்ளே வருவதற்கு முன்னால் திருப்பி அனுப்பிவிடு.

என் பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது. எங்கே என்று எழுதமாட்டேன்.

ரம்ஸி


சலாலா,
16.11.2003

அன்புள்ள லாத்தாவுக்கும் மச்சானுக்கும்,

ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் துஆ. நோன்பு நல்லபடியாகப் போகிறது. இங்கே பேரீச்சம்பழம் மலிவு. வானம் தெளிவாக இருக்கிறது, ஜன்னலிலிருந்து இப்போது கடல் தெரிகிறது. மழைக்காலத்தில் இவ்வளவு பக்கத்தில் இருந்ததா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இவர் பெருநாளைக்கு அங்கே வர விரும்புகிறார். காக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
ரம்ஸியா


துபாய்,
28.11.2003

அன்புள்ள ரம்ஸியாவுக்கு, மச்சான் கௌஸ் முகைதீன் ஸலாமுடன் எழுதிக்கொண்டது.

இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலத்தையும் மக்தூமிடம் அவ்வப்போது விசாரித்துக்கொள்கிறேன். உன் லாத்தாவுக்கு முட்டுவலி அதிகமாகிவிட்டதால் ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். பெருநாளைக்கு மறுநாள் விமானம். உம்மாவோடு இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். திரும்பி வரும் அவசரம் ஒன்றும் இல்லை. ஆகவே உன் கடிதங்களுக்கு இனி நானே பதில் எழுதுவேன். உன் எழுத்து எனக்குப் பழக்கமானதுதான். மழையைப் பற்றி நீ எழுதுவது மனதுக்கு இதமாக இருக்கும்.

நிஜாம் பெருநாள் அன்று வந்தான். தொழுகை முடிந்து வீட்டில் நாற்பது பேருக்குச் சாப்பாடு. அவன் வாசலில் நின்றுகொண்டு, தனியாகப் பேச வேண்டும் என்றான். என் சஹனில் மூன்று பேர்தான் இருந்தோம். "ஒரு ஆள் கொறையுது, வா" என்றேன். வந்து உட்கார்ந்தான். மறுக்கமாட்டான், அது அவன் குணம். எல்லாரும் பார்த்தார்கள். எனக்கும் அவனுக்கும் இடையில் ஒன்றும் இல்லை என்பது அத்தோடு ஊருக்கே விளங்கிவிட்டது.

சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பேசினோம். நான் அவனுக்கு என்னவெல்லாம் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. அவனே சொன்னான். சோலைமுத்து காரியத்தில் நடந்த தாமதம் தன் கவனக்குறைவு என்று பொதுக்குழுவில் எழுந்து சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். நான் வற்புறுத்தவில்லை. ஒரு அணியாக நின்றவர்களில் ஒருவர்மேல் பழி வந்தால் போதும், இரண்டு பேர்மேல் வர வேண்டாம் என்பது அவனுக்கே புரிந்தது. அதுவரை என் கிடங்கில் தங்கியிருப்பான். பொதுக்குழு முடிந்ததும் அவனும் ஊருக்குப் போகலாம். பாஸ்போர்ட்டை என்னிடமே கொடுத்துவிட்டான். அலமாரிச் சாவியை இப்போது நான்தான் வைத்துக்கொள்கிறேன்.

உன்னுடையது உன்னிடம் இருப்பதாகத் தெரிகிறது. பெண்பிள்ளை கையில் அது எதற்கு? மக்தூம் கேட்பான், கொடுத்துவிடு. உன் விசா முடிந்துவிடுமே என்று பதற வேண்டாம். நான் இருக்கிறேன்.

அன்புடன்,
மச்சான்


சலாலா,
4.12.2003

அன்புள்ள மச்சானுக்கு,

ரம்ஸியா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்கள் நலமா? சர்க்கரை மாத்திரையை இப்போது யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? லாத்தா இல்லாத வீட்டில் நேரம் தப்பிப்போகும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மக்தூம் காக்கா பாஸ்போர்ட்டைக் கேட்டார். காணோம் என்று சொன்னேன். அவரும் தேடினார், நானும் கூடச் சேர்ந்து தேடினேன். நேற்று முழுக்கத் தேடினோம். இன்றும் தேட வேண்டும் என்கிறார்.

இவர் எழுந்து நின்று தன் தவறு என்று சொல்வார். நீங்கள் சொன்னால் சொல்லத்தான் செய்வார், அதை நான் நம்புகிறேன். என்னால் அதைத் தடுக்க முடியாது. அதனால் வேறொன்று செய்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றே கனகாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பேப்பர் எந்த நாளில் தயாரானது, யார் மேடைக்காகக் காக்கச் சொன்னது, மார்ச்சுவரி வாசலில் தினமும் யார் வந்து நின்றது, அதைப் பார்த்த கேம்ப் ஆட்கள் யார் யார் என்று இவர் எனக்குச் சொன்னதையெல்லாம் எழுதி, என் பெயரையும் போட்டிருக்கிறேன். அதன் நகல் சித்தீக் காக்காவுக்கும் போயிருக்கிறது. எப்படிப் போனது என்று தேட வேண்டாம். உங்கள் தபால்பெட்டி வழியாகப் போகவில்லை.

இவர் இதற்காக என்னை மன்னிக்கமாட்டார். உங்களுக்குச் செய்யாத துரோகத்தை இவர் செய்ததாக ஊர் பேசியது. நான் இவருக்குச் செய்தது துரோகம்தான். கூட நின்றவரை மீறிப் பேசிவிட்டேன். அதைத் தெரிந்தேதான் செய்தேன்.

மச்சான், பெண்கள் பக்கத்தில் சஹனுக்கு ஆள் குறைந்தால் நாங்கள் யாரையும் கூப்பிட்டதில்லை. லாத்தாவும் நானும் இரண்டு பேராகவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். இப்போது நான் ஒருத்திதான்.

மழையைப் பற்றி எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும் என்றீர்கள். இங்கே மழை இல்லை. மலை முழுக்கக் காய்ந்துவிட்டது. மக்தூம் காக்கா நாற்காலியை எடுத்துவந்து மாடியிலேயே, எங்கள் அறைக் கதவுக்கு வெளியில் போட்டிருக்கிறார். அவர் இருமுவது கேட்கிறது. இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

உறையை ஒட்டவில்லை. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

ரம்ஸியா